செலவில்லாத கடற்கரை விடுமுறை: குடும்பத்தோடு எதைச் செய்யலாம், எதை விடலாம்?

கடற்கரைக்குப் போய்ச் சேரத்தான் செலவு. சேர்ந்த பிறகு அங்கே இருப்பதில் பெரும்பாலானவை எல்லோருக்கும் பொது: மணல், அலை, காற்று, பாறை, வானம். ஆனாலும் பல குடும்பங்கள் இரண்டாம் நாளே சலித்துப்போய், கட்டணம் வாங்கும் விளையாட்டுகள் பக்கம் திரும்பிவிடுகின்றன. எதை எந்த நேரத்தில் செய்வது என்று யோசிக்காமல் கிளம்புவதுதான் இதற்குக் காரணம். உச்சி வெயிலில் சிப்பி பொறுக்கப் போனால் கால் மணி நேரத்தில் பிள்ளை அழும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் பாறைப் பக்கம் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

குழந்தைகளோடு கடற்கரையில் நிம்மதியாக இருக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை வெயிலின் புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருக்கும். நிழற்குடை போட்டு உட்கார்ந்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. காய்ந்த மணல் அந்தக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். ஆக, கையில் மிஞ்சுவது விடியலில் இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம். அதற்குள் ஒன்றைச் செய்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

நான் பார்ப்பது மூன்று விஷயங்களை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து செய்ய முடியுமா? பெரியவர்களும் அதில் கலந்துகொள்ளலாமா, அல்லது காவல் நிற்க வேண்டியதுதானா? எவ்வளவு நேரம் அலுக்காமல் போகும்? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எல்லோரும் முதலில் ஓடும் காரியம் பட்டியலில் கீழே போய்விடுகிறது.

கடலில் இறங்கிக் குளிப்பது

பிள்ளைகளைக் கேட்டால் முதல் பதில் இதுதான். அந்த ஆசையில் தப்பே இல்லை. அலை வந்து முட்டும்போது வரும் சிரிப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் இதைக் குடும்பமாகச் சேர்ந்து செய்யும் காரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் விளையாடுவார்கள், பெரியவர்கள் காவல் காப்பார்கள். அந்தக் காவலும் அரைகுறையாக இருக்க முடியாது. மூழ்குகிறவர் கத்திக் கூப்பிடுவார், கையை ஆட்டுவார் என்று நினைக்கிறோம். மூச்சு இழுக்கவே வாய் போதாத நேரத்தில் கத்த எங்கே முடியும்? பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. நீச்சல் தெரியாத பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் வேண்டும். மூன்று சிறு பிள்ளைகளும் இரண்டு பெரியவர்களும் என்றால் கணக்கே உதைக்கிறது.

இன்னொன்றையும் கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதாவது ஒரு வழியாகத் திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் விழுந்த இடமாகப் பார்த்து அது ஒடுங்கிய ஓட்டமாகக் கடலை நோக்கிப் பாயும். பள்ளம் என்பதால் அங்கே அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் மட்டும் தண்ணீர் கருத்து, அமைதியாகத் தெரியும். சின்னப் பிள்ளையை இறக்க நல்ல இடம் என்று பெரியவர்கள் தேடிப் பிடிப்பது பல நேரம் அந்த இடத்தைத்தான். அந்த இழுப்பு சில சமயம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் வேகம் பிடிக்கும். போட்டியில் நீந்துகிறவர்கூட அதை எதிர்த்துக் கரை சேர முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதக்க வேண்டும், கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு), பாலத் தூண்கள் இருக்கும் பக்கமெல்லாம் குளிக்கவே வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு: உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கரையில், அவர்கள் குறித்துவைத்த எல்லைக்குள், அரை மணி நேரம். அதுவும் மற்றதெல்லாம் முடிந்த பிறகு, உடம்பில் ஒட்டிய மணலைக் கழுவுகிற சாக்கில் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரைத் தொடாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்பது தெரியும். அதற்கு நுரை வடியும் விளிம்பு போதும். நுரை விளிம்பில் காலை ஊன்றி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் பாதத்தைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகும், நாலைந்து அலைக்குள் பாதம் புதைந்துவிடும். கடைசி வரை தள்ளாடாமல் நிற்பது யார் என்று தாத்தாவிலிருந்து பேத்தி வரை போட்டி போடலாம். பல கரைகளில் அதே விளிம்பில் விரல்நகம் அளவு மட்டிகள் இருக்கும். அலை அவற்றை மணலிலிருந்து கிளப்பிவிடும், தண்ணீர் வடிவதற்குள் ஒவ்வொன்றும் தசைக்காலை நீட்டி ஊன்றி மறுபடி புதைந்துகொள்ளும். குனிந்து உட்கார்ந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே நொடியில் நூற்றுக்கணக்கில் மறைவது தெரியும். இங்கேயும் முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் விதி.

மணல் வேலை

ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது, கடலின் ஏற்ற இறக்கம் பற்றி ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வரை கலந்திருக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மணலில் இறங்கிவிடுங்கள். சின்னது தண்ணீர் சுமக்கும், நடுவது குழி தோண்டும், பெரியது திட்டம் போடும். பெரியவர்களுக்கும் கை துறுதுறுக்கும். வாளியும் மண்வெட்டியும் இல்லாவிட்டால் பழைய டப்பாவும் சிரட்டையும் போதும்.

மணல் எப்படி ஒட்டி நிற்கிறது என்பது புரிந்தால் விளையாட்டு இன்னும் சுவாரசியமாகும். காய்ந்த மணல் குவித்தால் சரியும். முழுக்க நனைந்தால் கூழாக ஓடும். இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் ஈரம் இருக்கும்போது, ஒவ்வொரு மணலுக்கும் பக்கத்து மணலுக்கும் இடையில் தண்ணீர் ஒரு மெல்லிய பாலமாக நிற்கிறது. அந்தத் தண்ணீரின் பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் அதிகமானால் இடைவெளி எல்லாம் நிரம்பி, பாலங்கள் காணாமல் போகும், பிடியும் போய்விடும். அதனால் இடிந்து விழும் கோட்டையில் தண்ணீரைக் கொட்டிக் காப்பாற்றப் பார்ப்பது வீண் வேலை. கரையில் ஒரு முழம் தோண்டினால் கீழே வரும் ஈர மண்ணே பெரும்பாலும் சரியான பதத்தில் இருக்கும். அதை அள்ளிப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் அடித்து இறுக்கிவிட்டு அடுத்த அடுக்குக்குப் போங்கள். இறுக்கம்தான் உயரத்தைத் தரும். அடியை அகலமாக வைத்து மேலே போகப்போகக் குறுக்கினால் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குக்கூட எழுப்பலாம். செதுக்குவதை மேலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். கீழே முடித்துவிட்டு மேலே போனால் உதிரும் மண் முடித்த வேலையை மூடிவிடும்.

கோட்டையா, வாய்க்காலா என்று கேட்டால் நான் வாய்க்கால் பக்கம். கோட்டை பெரும்பாலும் ஒருவர் வேலையாகிவிடும், அண்ணன் கட்டுவதைத் தம்பி தெரியாமல் மிதித்துவிட்டால் சண்டைதான். வாய்க்கால் வெட்டி, அணை கட்டி, அலைத் தண்ணீரை ஒரு குளத்துக்குக் கொண்டுவருவது அப்படி இல்லை. எத்தனை கை சேர்ந்தாலும் இடம் இருக்கிறது. உடைந்தால் அடைப்பதே விளையாட்டு. கடல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதை ஆரம்பித்தால் ஒவ்வொரு பெரிய அலைக்கும் அணையை உயர்த்த வேண்டிவரும், அந்தப் பரபரப்பில் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. கோட்டைதான் வேண்டும் என்றால் கடல் இறங்க ஆரம்பித்த பிறகு, ஈரம் காயாத இடத்தில் கட்டுங்கள். முடிக்கும் வரை யாரும் இடிக்க வரமாட்டார்கள்.

ஆழமான குழி மட்டும் வேண்டாம். காய்ந்த மணலின் பக்கச்சுவர் எந்த நொடியும் சரியலாம். உள்ளே இருப்பவர் மேல் அது மூடிக்கொண்டால் மேலிருப்பவர்கள் அள்ள அள்ள மறுபடி உள்ளே கொட்டும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கூட்டத்தில் சின்னவர் யாரோ, அவருடைய முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள். இருட்டில் நடப்பவர்களுக்கும், முட்டையிட வரும் ஆமைகளுக்கும் அது பொறி.

பாறைக்குட்டைகள்

மணல் எந்த நாளும் கைகொடுக்கும், எல்லோருக்கும் ஒத்துவரும். ஆனால் எதற்காக அவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்தோமோ அதற்கு ஈடாக நான் வைப்பது பாறைக்குட்டைகளைத்தான். கடல் இறங்கியதும் பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் சிறு சிறு குட்டைகள். இதற்கு நிபந்தனை அதிகம். பாறைக் கரை இருக்க வேண்டும், நேரம் பொருந்த வேண்டும், பிள்ளைக்கு வழுக்கும் கல்லில் நிதானமாக நடக்கும் வயதாகியிருக்க வேண்டும். நாலு வயதுக்குக் கீழே என்றால் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டால் வேறெதையும் நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

நேரக் கணக்கு எளிது. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை இறங்கும். கடல் முழுதாக இறங்கி நிற்கும் நேரம்தான் வற்றம். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். நிலா பூமியைச் சுற்றுவதால் ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பின்னால் தள்ளும். இன்று காலை 7 மணிக்கு வற்றம் என்றால் நாளை 8 மணிக்குக் கொஞ்சம் முன்னால். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். மற்ற நாட்களில் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும் பாறைகள் அப்போது வெளியே தெரியும். கடல் ஏறும் உயரம் கரைக்குக் கரை வேறு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும். மத்தியதரைக் கடலின் பல கரைகளில் ஒரு முழம்கூட இருக்காது. ஆகவே போகும் இடத்தில் கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் போனிலோ அருகிலுள்ள துறைமுக அறிவிப்பிலோ பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், இறங்கும் தண்ணீரோடு சேர்ந்து கீழே நடந்து, ஏற ஆரம்பித்ததும் திரும்பிவிடுவதுதான் சரியான முறை. திரும்பும் வழியில் முதலில் நிரம்பும் பள்ளம் எது என்பதைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டை அருகே போனதும் குச்சியால் கலக்க ஆரம்பிப்பது பிள்ளைகளின் இயல்பு. அதைத் தடுத்து, எல்லோரையும் குந்த வைத்து, நிழல் தண்ணீரில் விழாதபடி பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும். முதலில் வெறும் பாசியும் கல்லும்தான் தெரியும். அப்புறம் ஒரு சங்கு நகரும். அதிலிருந்து இரண்டு கண் காம்புகள் எட்டிப் பார்க்கும். அது சங்குப் பூச்சி இல்லை, காலிச் சங்குக்குள் குடியேறிய துறவி நண்டு. வயிற்றுப் பகுதி மெத்தென்று ஓடில்லாமல் இருப்பதால் அதற்கு யாரோ விட்டுப்போன சங்கு தேவை. வளர வளரப் பெரிய சங்காகத் தேடி வீடு மாறும். பாறையில் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டியிருப்பவை கொட்டலசுகள், நண்டும் இறாலும் சேர்ந்த அதே பெரிய இனத்தைச் சேர்ந்தவை. தலையைப் பாறையில் ஒட்டவைத்துக்கொண்டு, தண்ணீர் வந்ததும் வாயிலைத் திறந்து இறகு போன்ற கால்களால் இரையை வாரி வாய்க்குள் போட்டுக்கொள்ளும். தண்ணீருக்குள் இருக்கும் கொட்டலசைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கால்கள் விரிந்து மூடுவது தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் அன்று முழுக்க வேறு பேச்சே இருக்காது. கடல் சாமந்தி, நட்சத்திர மீன், விரல்நீள மீன் குஞ்சு, பாசிக்குள் பதுங்கும் இறால் எல்லாம் பொறுமைக்கு ஏற்றபடி வெளிவரும்.

தொடாமல் பார்ப்பது என்ற விதியை நான் இங்கே கண்டிப்பாக வைப்பேன். அவற்றின் நன்மை ஒரு காரணம், நம் பாதுகாப்பு இன்னொன்று. வெப்பக் கடல்களில் கூம்பு வடிவ அழகான சங்குகள் சில உயிரோடு இருக்கும்போது விஷ முள்ளால் குத்தும், மனிதர் இறக்கும் அளவுக்கு விஷம் உள்ள இனமும் உண்டு. கடல் முள்ளெலியை மிதித்தால் முள் உள்ளேயே உடைந்துகொள்ளும். பிடிப்பான செருப்போ பழைய ஷூவோ போட்டுத்தான் நடக்க வேண்டும். கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஒட்டி வாழ்பவை வெயில் பட்டால் செத்துவிடும்.

பாறையில்லாத ஊரா? கடல் இறங்கிய ஈர மணல் வெளியில் நடந்தாலே போதும். நண்டு வளைகள், அவற்றைச் சுற்றி மணல் உருண்டைகள், பறவைக் காலடிகள் என்று அங்கேயும் படிக்க நிறைய இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டவணையில் இல்லாத நேரத்தில் கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் அதைப் பார்க்க இறங்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் அப்படித்தான் கடல் விலகியது. வேடிக்கை பார்க்கவும் துள்ளும் மீனை எடுக்கவும் இறங்கிய பலர் திரும்பவில்லை. அந்தக் காட்சியைக் கண்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

சிப்பி பொறுக்குவதும் குப்பை பொறுக்குவதும்

இரண்டுக்கும் குனிந்து நடக்க வேண்டும், இரண்டிலும் கண்டுபிடிக்கும் சந்தோஷம் உண்டு. சிப்பி பொறுக்குவதில் எந்த வயதும் சேரலாம், முழங்கால் வலி உள்ள பாட்டியும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பிரித்து அடுக்கலாம். ஆனால் பை நிறைய அள்ளிக்கொண்டு போவது எனக்குப் பிடிப்பதில்லை. துறவி நண்டின் வீட்டை எடுத்துப் போகிறோம் என்பது ஒன்று. பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட கரைகளிலிருந்து சங்கு, பவளம், சில இடங்களில் மணலைக்கூட எடுப்பது குற்றம் என்பது இன்னொன்று. அதற்குப் பதிலாகப் பொறுக்கியதை மணலில் நிறவாரியாக, அளவுவாரியாக அடுக்கி, ஒரு கோலமோ உருவமோ செய்து, படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடலாம். பிள்ளைகள் எதிர்பார்த்த அளவுக்கு அழமாட்டார்கள். நத்தை வகைச் சங்குகள் சிலவற்றில் ஊசியால் துளைத்ததுபோல் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். வேறொரு நத்தை வந்து மேலோட்டைத் துளைத்து உள்ளே இருந்ததைத் தின்ற அடையாளம் அது. அப்படிப்பட்டதைத் தேடச் சொன்னால் வேட்டை இன்னும் சூடுபிடிக்கும்.

குப்பை பொறுக்குவது பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு, அதுவும் "இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று ஒதுங்கி நிற்கும் வயதினருக்கு நன்றாகப் பிடிக்கிறது. உண்மையான வேலை என்பதை அவர்கள் உடனே உணர்ந்துகொள்கிறார்கள். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய துப்புரவு இயக்கம் இப்போது உலகம் முழுக்க ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் பொறுக்கியதை எல்லாம் வகைபிரித்து எண்ணி எழுதிவைப்பது வழக்கம், சிகரெட் துண்டுதான் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்தது. நாமும் அதேபோல் எண்ணலாம்: பாட்டில் மூடி எத்தனை, வலைக் கயிறு எத்தனை, செருப்பு எத்தனை? கையுறை கட்டாயம். உடைந்த கண்ணாடி, ஊசி போன்றவற்றைப் பெரியவர்கள் மட்டும் தொட வேண்டும். சிறு பிள்ளைகள் இருபது நிமிடத்தில் அலுத்துவிடுவார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

பட்டமும் பந்தும்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பகலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகி, மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசும். தடுக்க மரமோ கட்டிடமோ இல்லாததால் சீராக வரும். ஆகவே பிற்பகல் நாலு மணிக்கு மேல் பட்டம் விட இதைவிட நல்ல இடம் கிடையாது. நூல் சாதாரண நூலாக இருக்கட்டும், கண்ணாடித்தூள் பூசியது கழுத்தையும் அறுக்கும், பறவையையும் அறுக்கும். பட்டம் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும் என்பதால் குடும்பத்துக்கு அது இரண்டாம்பட்சம். பந்து விளையாட்டு வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும். அதற்காகக் கடற்கரை நேரத்தைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

அந்தியும் இரவும்

விடியலில் எழுப்புவதா, இரவில் விழித்திருக்கச் செய்வதா? மேற்குப் பார்த்த கரையானால் இந்தக் கேள்வியே இல்லை, சூரியன் சாயங்காலம் கடலில் இறங்கும். அதை இரண்டு முறை பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நம்பமாட்டார்கள். எல்லோரும் மணலில் படுத்துக்கொண்டு சூரியனின் கடைசித் துணுக்கு மறையும் வரை காத்திருக்க வேண்டும். மறைந்த அதே நொடி சட்டென்று எழுந்து நின்றால் அந்தத் துணுக்கு மறுபடி தெரியும், சில நொடிகளில் இரண்டாவது முறையாக அஸ்தமிக்கும். பூமி உருண்டை என்பதால் கண் உயர உயர அடிவானம் தள்ளிப்போகிறது. நிற்கும் பெரியவருக்குக் கடல் அடிவானம் சுமார் 4.7 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு மீட்டர் உயரத்தில் கண் உள்ள பிள்ளைக்கு சுமார் 3.6 கிலோமீட்டரில். அப்பா தோளில் ஏறியவருக்குச் சூரியன் கடைசியாக மறையும் என்று தெரிந்ததும் தோளுக்குப் போட்டி வந்துவிடும். கடைசித் துணுக்கை மட்டும்தான் பார்க்க வேண்டும், அதற்கு முன் சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது, தொலைநோக்கி கூடவே கூடாது.

கிழக்குப் பார்த்த கரையில் இதையே உதயத்தில் தலைகீழாகச் செய்யலாம். நின்றபடி முதல் துணுக்கைப் பார்த்ததும் சட்டென்று படுத்தால் மறைந்து மறுபடி உதிக்கும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. அவர்களுக்கு ஒரு நல்ல மாற்று உண்டு. பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா எதிர்த்திசையில் எழும். கிழக்குக் கரையில் அது நேராகக் கடலிலிருந்து வரும், யாரையும் எழுப்ப வேண்டாம்.

நட்சத்திரம் பார்க்க அமாவாசை வேண்டும், ஊர் வெளிச்சம் படாத கரை வேண்டும், பிள்ளைகள் ஒன்பது மணி வரை விழித்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அற்புதம். சில கரைகளில், சில பருவங்களில், அலை உடையும் இடம் நீலமாக ஒளிரும். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது விடும் வெளிச்சம் அது. இதற்கென்று திட்டமிட்டுப் போக முடியாது, இருட்டில் கரையோரம் நடந்தால் வாய்க்கலாம். ஆமை முட்டையிடும் பருவத்தில் டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டுத் திசைமாறிப் போகும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

விடுமுறைத் தேதி நம் கையில் இருந்தால் நிலாவைப் பார்த்துக் குறிக்கலாம். அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் கடல் அதிகம் இறங்கும் என்பதால் பாறைக்குட்டைக்கு இரண்டுமே நல்லவை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, கிழக்குக் கரை என்றால் பௌர்ணமியை எடுங்கள். வளர்ந்த பிள்ளைகள், ஒதுக்குப்புறமான கரை என்றால் அமாவாசை. ஒரே ஊரில் இந்த இரண்டு நாட்களிலும் வற்றம் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும். ஆகவே ஒரு பௌர்ணமியின் அட்டவணையைப் பார்த்தாலே அந்த ஊரில் வற்றம் காலையில் வாய்க்குமா, உச்சி வெயிலிலா என்று தெரிந்துவிடும். உச்சி வெயிலில் வருகிறது என்றால் நாலைந்து நாள் தள்ளிப் போங்கள். நாளுக்கு 50 நிமிடம் நகர்ந்து சாயங்காலத்துக்கு வந்துவிடும். அப்போது கடல் அவ்வளவு ஆழமாக இறங்காது என்றாலும், வெயிலில் வாடுவதைவிட அது மேல்.

தேதி நம் கையில் இல்லை என்றால் போன இடத்தில் வற்றம் எப்போது என்பதை மட்டும் பார்த்து அன்றைய நாளைப் பிரித்துக்கொள்ளலாம். காலை ஏழு மணி வாக்கில் வற்றம் என்றால் ஆறு மணிக்கே பாறைக்குப் போய், ஏழேகாலுக்குத் திரும்பி, ஏறும் கடலுக்கு எதிராக ஒன்பதரை வரை அணை கட்டி, அப்புறம் குளித்துவிட்டு அறைக்குப் போய்விடலாம். மாலையில் பட்டமோ அஸ்தமனமோ. வற்றம் நடுப்பகலில் என்றால் காலையில் கடல் இறங்கிக்கொண்டிருக்கும், கோட்டை கட்டத் தோதான நேரம் அது. ஈர மணல் விரியும்போது சிப்பித் தேடலையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். பாறைக்குட்டையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் மணலும் நுரை விளிம்பும் போதும், ஒரு பெரியவர் மட்டும் மூத்த பிள்ளையைப் பாறைக்குக் கூட்டிப் போய் வரட்டும். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அஸ்தமனமும் சிப்பி அடுக்குவதும் முதலில் வர வேண்டும். கடல் கொந்தளிப்பாக, எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருக்கும் நாளில் தண்ணீர்ப் பக்கமும் பாறைப் பக்கமும் போகாமல், அலை எட்டாத உயரத்தில் குப்பை பொறுக்கப் போகலாம். பெரிய அலைகள் அடித்த மறுநாள் கரையில் ஒதுங்கிக் கிடப்பவை வழக்கத்தைவிட அதிகம் என்பதால், சிப்பி தேடுவதை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.